மடிப்பிச்சைக் காசில் ஒரு கண்மலர்

பூங்காவனம் யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள் என்று ஆவடிக்குப் பக்கத்து முத்தாபுதுப்பேட்டையில் பேர். வீட்டில் பால் தீர்ந்துபோனால் கறுப்பு டீ குடிப்பாளே தவிர, பக்கத்து வீட்டில் அரை டம்ளர் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ஆடி மாதத்து வெயிலில் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு, முந்தானையை மடியாக ஏந்தி, ஒன்பது தெரு சுற்றிப் பிச்சை வாங்கினாள். எல்லாம் ஒரு கண்ணுக்காக.

கண் அவள் புருஷன் வரதனுடையது. பாடியில் ஒரு லேத்துப் பட்டறையில் அவனுக்கு வேலை. மாசி மாதத்தில் ஒருநாள் இரும்புச் சீவல் ஒன்று தெறித்து இடது கண்ணில் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பார்ப்போம் என்றார், அவ்வளவுதான். ஆபரேஷன் அறைக்கு வெளியே நாற்காலி காலியாக இருந்தும் தரையில் உட்கார்ந்து பூங்காவனம் வேண்டிக்கொண்டாள். வேம்புலியம்மா, இந்த ஆளு கண்ணைக் குடு, உனக்கு வெள்ளியில ஒரு ஜோடி கண்ணு வாங்கிச் சாத்தறேன். வேண்டிக்கொண்ட பிறகு அது போதாது என்று தோன்றியது. கையில் இருக்கிற காசில் வாங்கிப் போட்டால் அது என்ன பெரிய நேர்த்திக்கடன்? தனக்கு எது முடியவே முடியாதோ அதைச் செய்ய வேண்டும் என்று, ஊரில் மடி ஏந்தி வாங்கிச் சாத்துகிறேன் என்று சேர்த்துக்கொண்டாள்.

கட்டைப் பிரித்த அன்று வரதன் கண்ணைக் கொட்டிக் கொட்டி அவளையே பார்த்தான். பிறகு கேட்டான்: "பூங்கா, இன்னா இவ்ளோ நரைச்சிப் போய்கீற?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நர்ஸ் வந்து, அவர் அழக்கூடாது, நீங்க வேணும்னா வெளியே போய் அழுங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடி பிறந்தது. கோயில் பூசாரி கோவிந்தன் அவள் கையில் மஞ்சள் துணியைக் கட்டி, விதியைச் சொன்னார். மடியில் விழுகிற அரிசி கூழ்ப் பானைக்கு. மடியில் விழுகிற காசு கண்மலருக்கு, அதாவது வேண்டிக்கொண்ட அந்த வெள்ளிக் கண்ணுக்கு. ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவதற்குள் வாங்கிவிட வேண்டும். முக்கியமாக, அந்தக் காசை மாற்றக் கூடாது. யார் போட்டார்களோ அவர்கள் கைக்காசே கடைக்குப் போக வேண்டும். நோட்டாக மாற்றிக் கொண்டுபோனால் அது உன் காசாகிவிடும், ஊர்க்காசு ஆகாது என்றார் கோவிந்தன்.

முதல் வீட்டு வாசலில் பூங்காவனத்துக்கு வாய் வரவில்லை. மடியை ஏந்திக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அந்த வீட்டம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு படி அரிசி கொண்டுவந்து, மேலே ஒரு காசு வைத்து, மடியில் கொட்டினாள். அரிசியின் மேல் காசு வைத்துப் போடுவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். நாலாவது வீட்டில் பூங்காவனத்துக்குக் குரல் வந்துவிட்டது. மூன்றாவது தெருவில் வெயில்கூடத் தெரியவில்லை.

புதிதாகக் குடிவந்த ஒரு பையன், கம்ப்யூட்டர் வேலைக்காரன், நம்பர் சொல்லுங்க ஆன்ட்டி, போனில் போட்டுவிடுகிறேன் என்றான். அம்மனுக்கு போன் இல்லப்பா என்றாள். அவன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினான் போலிருக்கிறது. இவள் அடுத்த தெரு முனைக்குப் போன பிறகு, செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து ஒரு இரண்டு ரூபாயை மடியில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினான். 

பத்து ரூபாய்க் காசுதான் அதிகம் விழுந்தது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வட்டாரத்தில் பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று எப்போதோ யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மளிகைக் கடையில் வாங்குவதில்லை, காய் விற்கிறவள் வாங்குவதில்லை, ஷேர் ஆட்டோவில் நீட்டினால் இறங்கு என்கிறார்கள். ஆகவே வீட்டுக்கு வீடு ஒரு டப்பாவில் பத்து ரூபாய்க் காசு தூங்கிக்கொண்டிருந்தது. மடிப்பிச்சை என்றதும் எல்லா டப்பாவும் திறந்துகொண்டன. கடையில் செல்லாவிட்டால் என்ன, சாமியிடம் செல்லும் என்று நிறைந்த மனசோடுதான் போட்டார்கள். இரண்டு மூன்று பேர் டப்பாவையே கவிழ்த்தார்கள்.

அடுத்த வீட்டு ஜமீலாவும் அரிசியோடு வந்து நின்றாள். அவள் புருஷன் ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் ஆம்பூர்ப் பக்கம். போடலாமா வேண்டாமா என்று படியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எங்க வீட்டுக் காசு அம்மனுக்கு ஆகுமா அக்கா?"

"கண்ணுல ரத்தத்தோட ஊட்டுக்கு வந்தப்போ அந்த ஆளை அள்ளிகினு ஓடுனது உன் ஊட்டுக்காரரு. அம்மன் அத்தப் பாத்துகினுதான் இருந்துச்சு. போடு."

போட்டாள். அதிலும் பாதி பத்து ரூபாய்க் காசுதான்.

வியாழக்கிழமை பூங்காவனமும் ஜமீலாவும் ஆவடி கடைத்தெருவில் இருக்கிற வெள்ளிக் கடைக்குப் போனார்கள். கார்த்திகேசன் என்று முதலாளியின் தங்கை மகன், முப்பது முப்பத்தைந்து வயது, கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கண்மலரில் ஐந்தாறு ஜோடி எடுத்துப் போட்டான். மெல்லிசாக, ஊதினால் பறக்கிற மாதிரி சில இருந்தன. பூங்காவனம் இமையும் கருவிழியும் அழுத்தமாக அடித்த ஒரு ஜோடியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோது அது அவளைத் திரும்பிப் பார்த்தது. செய்கூலியோடு இரண்டாயிரத்து நானூறு சொச்சம் வந்தது. மடிக்காசு அதற்குச் சரியாகக் காணும் என்று அவள் வீட்டிலேயே பார்த்து வைத்திருந்தாள்.

மஞ்சளில் நனைத்த துணியில் கட்டியிருந்த மூட்டையை அவிழ்த்துக் கண்ணாடி மேல் வைத்ததும் கார்த்திகேசனின் முகம் மாறியது. இதென்ன, உண்டியலா உடைச்சீங்க என்று கேட்டான். ஒரு காசை எடுத்து, விரலில் ஒட்டிய மஞ்சளைப் பார்த்தான். ஒரு அரிசி ஒட்டிக்கொண்டிருந்ததைத் தட்டிவிட்டான். மூட்டையை ஒரு விரலால் திரும்பத் தள்ளினான். பத்து ரூபாய்க் காசு செல்லாது, மஞ்சள் பூசின காசு எதுவானாலும் செல்லாது, நோட்டாகக் கொடுங்கள் அல்லது போனில் போடுங்கள் என்றான்.

பூங்காவனம் வேண்டுதலைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு, வேண்டுதலெல்லாம் சரிதான், வியாபாரம் வேற என்றான்.

ஜமீலாவுக்குக் கோபம் வந்துவிட்டது. செல்லாது என்று நீ யார் சொல்ல, ரிசர்வ் வங்கி எத்தனை தடவை சொல்லியாகிவிட்டது, அச்சடித்தவனே செல்லும் என்கிறான், நீ நடுவில் நின்று செல்லாது என்கிறாயே என்று பிடித்துக்கொண்டாள். வாங்க மறுத்தால் கேஸ் போடலாம் தெரியுமா என்றாள். ஒரு காசு கொண்டுவந்தாலும் ஒரு மூட்டை கொண்டுவந்தாலும் கடைக்காரன் வாங்கித்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி என்று மேலும் ஒரு படி ஏறினாள். பூங்காவனத்துக்கும் அது பிடித்துப்போயிற்று. வாசல் வாசலாகத் தாழ்ந்து நின்ற பிறகு, நிமிர்ந்து நின்று சட்டம் பேசுவது சுகமாகத்தான் இருந்தது.

"அதானே. கவர்மெண்ட்டு காசு. உங்க மாமா ஊட்டுக் காசா, வேணும் வேணாம்னு சொல்றதுக்கு?"

"எங்க மாமா கடைதான்க்கா. வேணாம்னு சொல்லலாம்."

சத்தம் கேட்டு அந்த மாமா, தட்சிணாமூர்த்தி, உள்ளறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார். அறுபதைத் தாண்டியவர். சாப்பாட்டுப் பாதியில் எழுந்து வந்திருந்தார். நடந்ததை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் யாரையும் அதட்டவில்லை. உட்காருங்கம்மா என்றார்.

பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் மெட்டி அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். லாவண்யா என்று பேர், வங்கியில் வேலை, கழுத்தில் இன்னும் அடையாள அட்டை தொங்கியது. ஜமீலா அந்த அட்டையைப் பார்த்துவிட்டாள். நீங்களே சொல்லுங்க மேடம், செல்லுமா செல்லாதா என்று அவளைச் சாட்சிக்கு இழுத்தாள்.

லாவண்யா மெட்டியை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். பத்து ரூபாய்க் காசு எல்லாமே செல்லும். ரூபாய்க் குறி போட்டது, போடாதது, எந்த மாதிரி இருந்தாலும் செல்லும். மஞ்சள் ஒட்டியிருந்தால் கழுவினால் போகிறது, அதனால் காசு கெட்டுவிடாது. கார்த்திகேசன் தலையைக் குனிந்துகொண்டான். ஜமீலா பூங்காவனத்தின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஆனா ஒண்ணு இருக்கும்மா. சில்லறையா குடுத்தா ஆயிரம் ரூபா வரைக்கும்தான் சட்டம். அதுக்கு மேல வாங்கணும்னு யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. வாங்கறதும் வாங்காததும் அவங்க இஷ்டம்."

ஜமீலா நிஜமாகவா என்று கேட்டாள். நிஜம்தான் என்றாள் லாவண்யா. யாரோ சொல்லிக் கேட்டதையே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்த ஜமீலா, பாவம், மின்விசிறியைப் பார்த்தாள். கடையில் எல்லாருமே கொஞ்சம் தப்பு, எல்லாருமே கொஞ்சம் சரி. கார்த்திகேசன் மட்டும் தலை நிமிர்ந்து, அப்படியானால் ஆயிரத்துக்குக் காசு, மீதிக்கு நோட்டு என்றான்.

நோட்டு இருந்தது. பூங்காவனத்தின் பர்ஸில் வரதன் கொடுத்தனுப்பிய ஐந்நூறுகள் மூன்று இருந்தன. ஜமீலாவும் காதோரம் வந்து, என் போனில் போட்டுவிடட்டுமா, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். எவ்வளவு சுலபம். ஆனால் அப்படி வாங்கினால் ஒரு கண் ஊர்க்காசு, ஒரு கண் தன் காசு. அந்தப் பையன் செருப்பில்லாமல் ஓடிவந்த இரண்டு ரூபாய் மூட்டையிலேயே தங்கிவிட்டால்? மெல்லிசு ஜோடி வாங்கினால் ஆயிரத்துக்குள் முடியும்; மீதியை உண்டியலில் போடலாம். அதையும் நினைத்துப் பார்த்தாள். இந்த ஆளு கண்ணைக் குடு என்று கேட்டபோது, மெல்லிசாகக் குடு என்றா கேட்டாள்?

மூட்டையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடலாம் என்றுதான் முதலில் கை போனது. வேறு கடை பார்க்கலாம். அங்கும் இதே பேச்சுத்தான் நடக்கும், இந்தத் தடவை சட்டமும் கூட வராது. இன்றைக்கே வியாழன், ஞாயிறு வந்துவிடும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்பது தெருவில் ஒரு வீட்டிலாவது சட்டம் பேசியா அரிசி வாங்கினாள்? இந்த வாசலுக்கு மட்டும் ஏன் வீராப்பாக வந்தாள்?

பூங்காவனம் எழுந்து நின்றாள். இடுப்பில் செருகியிருந்த முந்தானையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, தட்சிணாமூர்த்தியின் முன்னால் ஏந்தினாள்.

"மொதலாளி, நான் பேசுனது தப்பு. சட்டம் ஆயிரத்தோட நின்னுபோச்சி. மீதிக்கு உங்க கிட்ட மடி ஏந்தறேன். துட்டு வோணாம். இந்தக் காசை வாங்கிக்கினா போதும்."

தட்சிணாமூர்த்திக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைக்கு வந்து பேரம் பேசுகிறவர்களையும் சண்டை போடுகிறவர்களையும் அவருக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

"மடியை இறக்குங்கம்மா, சொல்றேன்" என்றார்.

அவள் இறக்கவில்லை.

அவர் கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். உள்ளே பத்து ரூபாய்க் காசு. செல்லும் என்பது எனக்குத் தெரியாமலா இருக்கிறது என்றார். அவர் வாங்கிக்கொள்வார்; அவரிடமிருந்து யார் வாங்குவது என்பதுதான் பிரச்சினை. போன தீபாவளிக்குக் கடையில் கூட்டிப் பெருக்குகிற அம்மாளுக்கு இனாமில் கொஞ்சம் பத்து ரூபாய்க் காசு சேர்த்துக் கொடுத்தாராம். ஷேர் ஆட்டோவில் அதை வாங்காமல் இறக்கிவிட, அந்த அம்மாள் கடைத்தெருவிலிருந்து அண்ணனூர் வரை நடந்தே போயிருக்கிறாள். மறுநாள் காசை அவர் மேசையில் வைத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனாளாம். அதிலிருந்து வாங்கக் கூடாது என்று கார்த்திகேசனுக்குச் சொல்லி வைத்தது தான்தான், அவன்மேல் தப்பில்லை என்றார்.

பூங்காவனம் அந்த அம்மாளை நினைத்துக்கொண்டாள். நடந்தே அவ்வளவு தூரம். மடியைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"அப்போ வோணாம் மொதலாளி. உங்களுக்கு இம்ச குடுத்து அம்மனுக்கு கண்ணு வெக்கிறதா?"

"வேணாம்னு நான் சொல்லலியேம்மா" என்றார் தட்சிணாமூர்த்தி.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. காசைக் கழுவ வேண்டாம், மஞ்சளோடேயே இருக்கட்டும் என்றார். ஒன்று, இரண்டு, ஐந்தைக் கார்த்திகேசன் தனித்தனியே பிரித்தான். அந்தச் சில்லறைக்குக் கடைத்தெருவே அலைகிறது, அதில் அவனுக்கே சந்தோஷம்தான். பத்து ரூபாய்க் காசை தட்சிணாமூர்த்தி எண்ணவில்லை. வெள்ளிக் கடைக்காரருக்கு எதையும் எண்ணிப் பார்த்தா பழக்கம்? முதலில் பத்தே பத்துக் காசை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்து எடை பார்த்தார். பிறகு அதே எடைக்கு அள்ளி அள்ளி வைத்தார். கொலுசு நிறுக்கிற தராசில் ஒன்பது தெருவும் ஏறி இறங்கியது. மஞ்சளையும் சேர்த்தா நிறுக்கிறீங்க என்று ஜமீலா கேட்டாள். அவளுக்குப் பேச்சு திரும்பி வந்துவிட்டது. அம்மன் கணக்கில் அதைக் கழித்துவிடுகிறேன் என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

லாவண்யா அதுவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். வங்கியில் கட்டுவதற்கு இந்த ஆயிரம் ரூபாய்க் கணக்கு கிடையாது, எவ்வளவு காசு கொண்டுவந்தாலும் வாங்க வேண்டியதுதான் என்றாள். சட்டத்துல இருக்கும் மேடம், வரிசையில நிக்கிறவன் நான் என்றார் தட்சிணாமூர்த்தி. அதற்கு அவள், திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் கூட்டம் இருக்காது, டப்பாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு என் கவுன்ட்டருக்கே வாருங்கள், நான் வாங்கி வைக்கிறேன் என்று சொல்லி, கிளை எங்கே இருக்கிறது என்று ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள். பூங்காவனம் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் எதுவும் செய்யலையே ஆன்ட்டி என்று அந்தப் பெண் கூசிப்போனாள்.

கண்மலரைச் சிவப்புக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தபோது, தட்டின் ஓரத்தில் கொஞ்சம் காசு மிச்சம் இருந்தது. சரியாகத்தானே காண வேண்டும் என்று பூங்காவனம் குழம்பினாள். தட்சிணாமூர்த்தி அதைக் கையில் வழித்து எடுத்தார்.

"செய்கூலி எழுதலம்மா. மடி ஏந்துனவங்களை வெறும் மடியா அனுப்பக் கூடாது. ஏந்துங்க."

அவள் ஏந்தினாள். காசு விழுந்தது. முதல் வீட்டு வாசலில் நின்ற மாதிரியே நின்றாள். ஜமீலாதான் கையைப் பிடித்துப் படியிறக்கினாள். கீழே வந்த பிறகு, முதலாளி சாப்பாட்டுப் பாதியில் எழுந்து வந்தாரே, சோறு காய்ந்துபோயிருக்குமே என்று பூங்காவனம் சொன்னாள். அதையே வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூழ்ப் பானைகள் வரிசையாக வந்து இறங்கின. வேப்பிலையும் மேளமுமாகக் கோயில் நெரிந்தது. பூங்காவனம் வரதனை முன்னால் தள்ளிக்கொண்டு போய்ச் சன்னதியில் நிறுத்தினாள். அவன் வெயிலுக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான். கோவிந்தன் கண்மலரை வாங்கி, கையால் எடை பார்த்து, நல்ல கனம் என்றார். அம்மன் முகத்தில் வைத்துச் சந்தனத்தால் அழுத்தினார். திரை விலகித் தீபம் காட்டியபோது வெள்ளிக் கண் இரண்டும் பளிச்சென்று திறந்தன. வரதன் இரண்டு கண்ணாலும் அதைப் பார்த்தான். பார்க்கிறான் என்பதைப் பூங்காவனம் பார்த்தாள்.

அர்ச்சனைக்குப் பேர், நட்சத்திரம் கேட்டார் கோவிந்தன். வரதன், கேட்டை என்றாள். பிறகு, ஒன்பது தெரு சனம் என்றாள். அத்தனை பேரை எப்படிம்மா சொல்வது என்று அவர் சிரித்தார். குடுத்தவங்க என்று சொல்லுங்கள், அம்மனுக்கு யார் யார் என்று தெரியும் என்றாள். அவர் அப்படியே சொன்னார். முடிந்தது என்று குங்குமத் தட்டைக் கையில் எடுத்தார்.

"இன்னும் ஒருத்தரு கீறாரு. தட்சிணாமூர்த்தி."

"நட்சத்திரம்?"

"நட்சத்திரம் தெரியாது சாமி. குடுத்தவங்களுக்கு மட்டும் சொன்னா பத்தாது. வாங்கிகினவரு அவரு. அதையும் சொல்லுங்க."

கோவிந்தன் தட்டைக் கீழே வைத்தார். திரும்பவும் பூவை எடுத்தார்.